பண்டிக் கத்திக்கு ஏழு தண்ணீர்

முள்ளிக்குளத்துச் சிங்கராசா சிலாவத்துறை முஹைதீன் முதலாளிக்கு எண்பது ரூபாய் கடன்பட்டிருந்தான். வள்ளத்துக்குப் பலகை மாற்ற வாங்கிய காசு. தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று அடங்குவதற்குள் தராவிட்டால் வள்ளத்தை இழுத்துக்கொண்டு போவேன் என்று முதலாளி நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். ஐம்பத்தேழாம் ஆண்டுக் கோடை அது.

கையில் காசில்லை. ஆனால் சிங்கராசாவிடம் ஈட்டி இருந்தது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தகப்பன் வைத்துப்போனது ஒரு கிழிந்த வலை. மற்றதெல்லாம் அவனே உண்டாக்கியது. ஈட்டி பிடிக்க அவனுக்கு நிகராக அந்தக் கரையில் ஒருவனைக் காட்டட்டும் பார்ப்போம்.

இரண்டு ஈட்டி வைத்திருந்தான். பன்றி ஈட்டியில் அலகுக்குக் கீழே குறுக்காக ஓர் இரும்பு இருக்கும். குத்து வாங்கிய பன்றி கம்பு வழியே ஏறி வந்து ஆளைக் கிழிக்காமல் அது தடுக்கும். மரை என்னும் பெரிய காட்டுமானுக்கு உள்ள ஈட்டி வேறு. அகன்ற அலகு, சவரக்கத்தி போலத் தீட்டியது. அதன் வேலை கொல்வதல்ல, பின்கால் நரம்பை அறுத்து விழுத்துவது. மரையிறைச்சி வாங்குகிறவர்கள் சிலாவத்துறை முஸ்லிம்கள். உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லாச் சொல்லிக் கழுத்தை அறுத்தால்தான் வாங்குவார்கள். செத்தபின் அறுத்தால் ஒரு றாத்தலும் போகாது. அதற்காகவே, அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் வண்டிக்கார ஹுசைனைப் பாதிப் பங்குக்குக் கூட்டிப் போனான்.

விடிந்து கொஞ்ச நேரத்தில், வற்றிய குளத்துச் சேற்றில் கொம்பன் மரை ஒன்று இறங்கி நின்றது. சிங்கராசா காற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஊர்ந்து போய்ப் பின்கால்களில் ஈட்டியால் இரண்டு வீச்சு வீசினான். மரை பின்பக்கம் குந்திக்கொண்டு கொம்பைச் சுழற்றியது. சுருக்குக் கயிற்றைக் கொம்பில் எறிந்து, மறுமுனையைப் பாலைமரத்தில் சுற்றி, காலை ஊன்றி இழுத்துப் பிடித்தான்.

"காக்கா, வாங்கோ."

ஹுசைன் ஓடிவந்து இடுப்பைத் தடவினார். உறை வெறுமையாக இருந்தது. முட்பற்றைக்குள் ஓடியபோது கத்தி எங்கேயோ விழுந்துவிட்டது.

"உன்ட கத்தியைத் தா, தம்பி."

சிங்கராசாவின் கை இடுப்புக்குப் போய் அங்கேயே நின்றது. அது போன கிழமை பன்றி உரித்த கத்தி. மரைக் கத்தியை மனைவி எடித் மீன் வெட்ட எடுத்திருந்தாள். அவன் பாராமல் இதைச் செருகிக்கொண்டு வந்துவிட்டான். கத்தி பளபளவென்றுதான் இருந்தது. ஹுசைனுக்குத் தெரிய வழியில்லை. வாயைத் திறக்காமல் கொடுத்தால் வள்ளம் தங்கும்.

"காக்கா, இது பண்டி வெட்டின கத்தி."

ஹுசைன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "இதை இப்பதானா சொல்றது?"

"இப்பதானே நீங்கள் கேட்டனீங்கள்."

பன்றி பட்ட கத்திக்கு ஏழு தண்ணீர் விட வேண்டும், அதில் ஒன்று மண் கலந்து. குளத்தில் இருந்ததோ சேறும் மரையின் இரத்தமும். மிச்சம் குடிதண்ணீர்க் குடுவை, அதுவும் அரைவாசி. ஹுசைன் கரைமண்ணைக் குழைத்துத் தேய்த்து முதல் தண்ணீரை ஊற்றினார். மரை துள்ளியதில் கயிறு ஒரு முழம் நழுவி, சிங்கராசாவின் உள்ளங்கைத் தோலையும் கூட்டிக்கொண்டு போனது.

"கெதியாக் காக்கா."

"நீ அதைச் சாகவிடாமப் பிடி. எண்ணிக்கையைக் குழப்பாத."

ஐந்தாவதில் குடுவை இலேசாகிவிட்டது. ஆறாவதை ஹுசைன் குடுவை வாயை விரலால் அடைத்து நூலாக விட்டார். மரையின் தலை முறுகிக் கழுத்து நெரிபட, மூச்சுக் கரகரத்தது. கயிற்றைத் தளர்த்தினால் கொம்பு ஹுசைன் பக்கம் திரும்பும். இறுக்கினால் மரை இப்போதே செத்துவிடும். சிங்கராசா பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு விரற்கடை தளர்த்தினான். கொம்பு ஹுசைனின் இடுப்புச் சாரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அவர் அசையவில்லை. ஏழாவதுக்குக் குடுவையைக் கவிழ்த்து உதறினார். கத்தி நுனிவரை நனைந்தது.

பிஸ்மில்லாச் சொல்லி ஒரே இழுப்பு. இரத்தம் பீறிட்டு அவர் நெஞ்சில் அடித்தது. மரை முன்காலை உதைத்துத்தான் அடங்கியது. உயிரோடிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீரில்லாமல் இருவரும் இறைச்சியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சந்தையில் ஹுசைன் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒரு கிழவர் இரண்டு றாத்தல் கேட்டார். அதன்பின் எலும்பும் மிஞ்சவில்லை.

முஹைதீன் முதலாளியும் இறைச்சி வாங்க வந்திருந்தார். "சொல்லாம விட்டிருந்தா ஆருக்கடா தெரியும்?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியும், முதலாளி. கையை நீட்டுங்கோ."

தோலுரிந்த கையால் சிங்கராசா ஒவ்வொன்றாக வைத்தான். எண்பதாவது ரூபாய் விழும்வரை முதலாளியின் உள்ளங்கை விரிந்தபடியே இருந்தது.