வண்டி கேறும் வழி

திருவனந்தபுரத்தில் யாராவது நிலம் பார்க்கப் போனால், எத்தனை சென்ட், கிணறு உண்டா, பத்திரம் சரியா என்பதெல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி, "வண்டி கேறுமோ?" என்பது. வண்டி உள்ளே வருமா வராதா என்பதை வைத்து ஒரே மண்ணுக்கு இரண்டு விலை. போன மாதம் நானும் என் கணவரும் இரண்டே கால் சென்ட் இடம் ஒன்றைப் பார்க்கப் போனோம். புரோக்கர் பையன் பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, "வண்டி கேறும் சேச்சீ, அதல்லே இந்த வெல" என்று சிரித்தான். எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வந்தது. வண்டி என்ன தானாகவா கேறும்? யாரோ மண் சுமந்திருப்பார்கள், யாரோ கல் அடுக்கியிருப்பார்கள். அவர்கள் இப்போது எந்த ஊரில் வாடகைக்கு இருக்கிறார்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கணவர் என் கையை அழுத்தினார், விட்டுவிட்டேன். அவனிடம் கேட்காததை இங்கே எழுதுகிறேன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். ஏன் நின்றேன் என்பதும் இதற்குள்ளேயே வரும்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நாங்கள் இதே நகரத்தில், ஸ்ரீவராகத்துக்குத் தெற்கே, வயலில் மண் கொட்டி நிரப்பி வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த ஓர் இடத்தில் குடியிருந்தோம். வரிசையாக நான்கு ஓட்டு வீடுகள். மூன்றாவது எங்களுடையது, அதாவது நாங்கள் வாடகை கொடுத்தது. நான்குக்கும் சொந்தக்காரர் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர். எல்லோருக்கும் அவர் "சார்". அப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார். இங்கே எல்லோருக்கும் அவர் "மேஸ்திரி". கல்ஃபிலிருந்து பணம் வர வர நகரத்தைச் சுற்றி வீடுகள் எழும்பிய காலம் அது. அப்பா வாரத்தில் ஆறு நாள் யாருக்காவது மாடி கட்டிக்கொண்டிருப்பார். சாயங்காலம் எங்கள் ஓட்டு வீட்டின் ஒழுகலுக்கு நேராகப் பாத்திரத்தை நகர்த்தி வைப்பார்.

எங்கள் வரிசைக்கு எதிரே மூன்று சென்ட் காலி இடம் கிடந்தது. அதுவும் சாருடையதுதான். "சிங்ஙத்தில் சிட்டி விழட்டே, மேஸ்திரிக்குத் தன்னெ எழுதித் தராம்" என்று சார் சொல்லியிருந்தார். ஆவணி பிறந்து எங்கள் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், சென்ட்டுக்குப் பன்னிரண்டாயிரம் வீதம் அது எங்களுக்கு. அந்தச் சொல்லை நம்பி அம்மா அங்கே ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றினாள், இரண்டு வாழைக்கன்று வைத்தாள். அப்பா சிமெண்ட் மூட்டையின் காகிதத்தைக் கிழித்து வீட்டுக்குப் படம் போட்டார். எனக்கென்று ஒரு ஜன்னல் வைக்க இடம் காட்டச் சொன்னார். கிழக்குப் பக்கம் விரலை வைத்தேன். காது மேல் செருகியிருந்த பென்சிலை எடுத்து அங்கே ஒரு கட்டம் வரைந்தார்.

அம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "ஒரு முத்திரத் தாளுல ரெண்டு வரி எழுதி வாங்குங்க, அட்வான்ஸுன்னு அஞ்சோ பத்தோ குடுங்கன்னு தலைப்பாடா அடிச்சிக்கிடுதேன். சாரு வாயில சொன்னத வச்சா ஓடு வேய முடியும்?"

"அவரு படிச்ச மனுசன்ட்டீ. அவருகிட்டப் போயி நம்பிக்கையில்லாத மாதிரி தாள நீட்டச் சொல்லுதியா?" என்பார் அப்பா.

வேறு எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒரு காரணத்துக்காக நிலத்தை விட்டிருப்பார்களா, தெரியாது. சாருக்குச் சங்கடமாக இருக்குமே என்று அப்பா எழுதி வாங்கவில்லை.

இனி என் பங்கு.

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு இருநூறு அடி தூரம் ஒற்றையடி வழி. எதிரே ஆள் வந்தால் செம்பருத்தி வேலியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மழை பெய்தால் அதுவே ஓடை. கேஸ் சிலிண்டரை உருட்டித்தான் கொண்டுவருவார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, அவளைப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிப் போனார்கள். முட்டளவு தண்ணீர், ஒருவர் கால் வழுக்கியது. அக்காவும் குழந்தையும் சுகமாகத் திரும்பி வந்தார்கள். நான்தான் அந்தப் பயத்திலிருந்து திரும்பவில்லை. எனக்குப் பிறவியிலேயே பயம் அதிகம். அம்மாவுக்கு இழுப்பு உண்டு. அவளுக்கு மூச்சு முட்டினால் இந்த வழியில் ஆம்புலன்ஸ் எப்படி வரும்? எங்கள் வீட்டு நாற்காலியில் ஒரு கால் ஆடும், அதில் எப்படித் தூக்குவது? சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பேன். பள்ளிக்கூடம் போகும்போது திரும்பி வந்து கேட்பேன். நான் போட்ட கூச்சலில் அப்பாவுக்கு வேலையில் கை ஓடவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வழிக்காரர்களையெல்லாம் கூட்டி அப்பா பேச்சை எடுத்தார். "எம் மக சோறு திங்க மாட்டேங்கா சார். ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக் குடுத்தா எட்டடி வழி போட்டுரலாம். ஆட்டோ வரும், ஆம்புலன்ஸு வரும்."

ஒருவருக்கொருவர் வேலிக்காகக் கோர்ட் வரை போன மனிதர்கள், அன்று என்ன தோன்றியதோ, ஒத்துக்கொண்டார்கள். சார் கடைசியாகத்தான் வாயைத் திறந்தார். அந்தக் காலி இடத்திலிருந்து இரண்டடி போகும். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் அப்பாவின் தோளில் கை போட்டு, "எனிக்கெந்தா? மேஸ்திரியுடெ ஸ்தலமல்லே? மேஸ்திரி சம்மதிச்சா எனிக்கும் சம்மதம்" என்றார்.

அப்பாவின் முகம் அன்று இருந்த மாதிரி அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை. ஊர்க் கூட்டத்தில் ஒரு மனிதர் அவரை நிலத்துக்காரராக்கி, அவரிடமே சம்மதமும் கேட்கிறார். "எடுத்துக்கோங்க" என்றார் அப்பா, சொந்த நிலத்தைத் தானம் கொடுப்பவர் போல. இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எங்களுடையதே ஆகாத மண்ணிலிருந்து நாங்கள் இரண்டடி கொடுத்தோம்!

நான்கு ஞாயிறு வேலை நடந்தது. கயிறு பிடித்து, அதை ஒட்டிச் சுண்ணாம்புப் பொடி தூவினேன். நான்தான் தூவினேன். கோடு கோணியதற்கு அப்பா இரண்டு முறை அழிக்கச் சொன்னார். ஆண்கள் வேலியை வெட்டி, செம்மண்ணும் கல் சல்லியும் கொட்டினார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வீட்டில் கப்பை, அதாவது மரவள்ளிக் கிழங்கு, அவித்து, காந்தாரி மிளகாயில் சம்மந்தி என்கிற துவையல் அரைத்து, பால் விடாத கட்டன் சாயாவோடு கொடுப்பார்கள். மூன்றாவது ஞாயிறு எங்கள் முறை. அம்மா மூச்சு வாங்க வாங்க ஒரு அண்டாக் கப்பை அவித்தாள். சார் வாழை இலையில் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். "கப்ப வேவிக்கான் அறியுந்ந பெண்ணு வேணமெங்கில் தமிழ்நாட்டில் போகணும்" என்று அவர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

காலி இடத்துக்கு முன்னால் வயல் பள்ளம். அங்கே கருங்கல் கட்டு இல்லாமல் மண் நிற்காது. மற்றவர்களுக்கு அந்த வேலை தெரியாது. அப்பா கூலி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு வாரம் தனியாக நின்று கட்டினார். "கூலி கேக்கலாம்ல?" என்றாள் அம்மா. "நம்ம வாசலுக்கு நாமளே கூலி வாங்குறதா? நல்லா இருக்குட்டீ" என்றார். ஒவ்வொரு கல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்து வைத்தார். ஊரில் எத்தனையோ பேருக்குக் கட்டிய மனிதர், அந்தக் கட்டை மட்டும் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே பீடி குடித்தார்.

வழி முடிந்த அடுத்த ஞாயிறு முதல் கார் வந்தது. வெள்ளைக் கார். நான் வெளியே நின்றேன். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என் பயத்தால் வந்த வழி, என் சுண்ணாம்புக் கோடு, அதில் கார்! முன்னால் ஓடிப்போய், பஸ் வாசல்படியில் தொங்கும் கிளீனர் சொல்லுவதுபோல, "வரட்டே! வரட்டே!" என்று கையை ஆட்டினேன். டிரைவர் சிரித்துக்கொண்டு நான் காட்டியபடி வந்து, வாழைக்கன்று ஓரம் நிறுத்தினார். கூலிங் கிளாஸ் போட்ட ஒருவரும், அவருடைய மனைவியும், பின்னால் சாரும் இறங்கினார்கள். அந்த அம்மாள் எனக்கு ஒரு பெரிய சாக்லேட் கொடுத்தாள். வெள்ளிக் காகிதம். நான் வாங்கிக்கொண்டேன். அவர்கள் அப்பாவின் கல் கட்டின் மேல் ஏறி நின்று, இப்படியும் அப்படியும் கையை நீட்டிப் பேசினார்கள்.

மறுநாள் சார் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. "ஞான் வாக்கு மாறியிட்டில்ல மேஸ்திரி. ஆத்யம் மேஸ்திரிக்குத் தன்னெ. பட்சே இப்போ வண்டி கேறுந்ந ஸ்தலமாயி. முப்பது பறயுந்நு அவர்." சென்ட்டுக்கு முப்பதாயிரம் தருவதாகக் காரில் வந்தவர்கள் சொல்கிறார்களாம். அதே விலை கொடுத்தால் முதல் உரிமை எங்களுக்கு! சட்டப்படி நியாயமாகப் பேசுகிறாராம்.

"வழி போட்டது நாங்கதானே சார்" என்றார் அப்பா. குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது, ஏதோ அவர்தான் தப்புச் செய்தவர் மாதிரி.

"ஞானும் ரெண்டடி விட்டதல்லே?"

உள்ளேயிருந்து அம்மா வந்தாள். கையில் கரண்டி. "ரெண்டடி நீங்க விட்டீங்களா? அன்னைக்கு எங்க வீட்டு மனுசன்ட்டல்லா சம்மதம் கேட்டீங்க? எங்க ஸ்தலம்னு சொல்லித்தான அம்புட்டுக் கல்லையும் அடுக்க விட்டீங்க? இப்ப உங்க ஸ்தலம் ஆயிட்டோ? எங்க கப்பையத் தின்ன வாய்தான இது?"

சார் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "மார்க்கெட்டல்லே சேச்சி, நம்மளெந்து செய்யும்?" என்று வானத்தைக் காட்டினார், மழை பெய்வதற்கு அவர் என்ன செய்ய முடியும் என்பதுபோல. மார்க்கெட்டாம்! அந்த மார்க்கெட் எட்டடி அகலம், இருநூறு அடி நீளம். அதைச் செம்மண் போட்டுச் செய்தது எங்க அப்பா, அதற்குக் கோடு போட்டது நான். எங்கள் வேர்வையால் ஏறிய விலையை எங்களிடமே கேட்டார்கள். இதற்கு என்ன பெயர் என்று எந்தப் படித்தவராவது எனக்குச் சொல்லட்டும்.

அப்பா எழுதி வாங்காததற்கு அம்மா அவரைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். எதிரே போய் முருங்கையைப் பிடுங்கப் பார்த்தாள். வேர் பிடித்திருந்தது, வரவில்லை. விட்டுவிட்டு வந்து இழுப்போடு படுத்துக்கொண்டாள்.

சங்கடம் அதோடு முடியவில்லை. வண்டி வரும் வழி வந்துவிட்டால் வாடகை மட்டும் பழையபடி நிற்குமா? ஓணம் கழிந்ததும் சார் வாடகையை இரட்டிப்பாக்கினார். சீட்டுப் பணத்தை வாடகைக்கே கொடுத்துத் தீர்ப்பதா என்று அப்பா நகரத்தை விட்டுத் தள்ளி விதுரா பக்கம் வீடு பார்த்தார். அங்கிருந்து என் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ். வருஷம் முடியும் வரை சமாளித்தேன். பிறகு இரண்டு பஸ்ஸுக்குக் காசு கொடுப்பதா, அம்மாவுக்கு மாத்திரை வாங்குவதா என்று வந்தபோது நானே நின்றுவிட்டேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. அப்பா சொல்லியிருந்தால் அவர் மேலாவது கோபப்பட்டிருப்பேன்.

வீடு மாறிய நாள் இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஒரு டெம்போ வந்தது. வாசல் வரைக்கும் வந்தது. கட்டில், அண்டா, கால் ஆடும் நாற்காலி எல்லாவற்றையும் ஏற்றினோம். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தாள். எனக்கு முந்தின நாள் முழுக்க ஒரே கவலை. இவ்வளவு சாமானையும் மழையில் தலையில் சுமந்துகொண்டு மெயின் ரோட்டுக்குப் போகவேண்டி வந்தால் என்ன ஆகும் என்று. டெம்போவைக் கண்டதும் அந்தக் கவலை தீர்ந்தது. நல்லவேளை நாம் வழி போட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

எதிரே, அந்த மூன்று சென்ட்டில் புதிதாக அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அப்பா கல் கட்டின் ஓரத்தில் நின்று, மேல்வரிசைக் கல் ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். கல் ஆடுகிறதா என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

டிரைவர் வண்டியை எடுத்தார். நான் முன்னால் ஓடி, இரண்டு பக்கமும் பார்த்து, வண்டி போகட்டும் என்று உரக்கக் கத்தினேன்: "போட்டே! போட்டே!" வண்டி எங்கேயும் உரசாமல், வேலியில் ஓர் இலைகூடப் படாமல், அழகாக வெளியே போனது. நான் திரும்பி அப்பாவைப் பார்த்து, "பாத்தீங்களாப்பா, இடிக்கவே இல்ல!" என்றேன்.

அவர் கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் சொன்னது கேட்கவில்லை போலிருக்கிறது என்று, இன்னும் சத்தமாக இன்னொரு தரம் சொன்னேன்.