அத்தை விரல் வைத்த கன்னம்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடினால் கதவோரம் நிற்கிற ஆள். நீ யார் எழுத என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது, மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் போன மாதம் ஸ்கேன் அறையில் அந்தச் சின்னக் கருவியைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆள்காட்டி விரல் அளவுதான் இருக்கும், நுனி மழுங்கியிருந்தது. அதற்கு ரப்பர் உறை மாட்டி, பசை தடவி, மறுபடி கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க என் அப்பாவின் இடது கன்னத்துக்குள் வைத்தாள் ஓர் இளம்பெண். ஒலி சதைக்குள் போய்த் திரும்பி வந்து படமாகத் தெரியுமாம். திரையில் ஈர மணல் போல ஏதோ அசைந்தது. நாற்பது வருடங்களுக்கு முன்னால் அதே இடத்தில் விரல் வைத்தவர் என் அத்தை, அப்பாவின் அக்கா.

அப்பாவுக்கு அப்போது முப்பது வயது. தண்டையார்பேட்டையில் ஓர் எண்ணெய்க் கிடங்கில் லாரிகளுக்கு எண்ணெய் நிரப்பும் வேலை. அங்கே பீடி பிடிக்க முடியாது. வாசலிலேயே தீப்பெட்டி இருக்கிறதா என்று மடியைத் தடவிப் பார்ப்பார்கள். அதனால் எல்லோரும் கன்னத்தில் புகையிலை அடக்குவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு, மாற்ற மாட்டார்கள். அப்பாவுக்கு இடது. அத்தை அதே கிடங்கின் மருந்தகத்தில் ஆயா. தரை துடைப்பதும், நோயாளி வாயைத் திறந்தால் கன்னத்தை இழுத்துப் பிடிப்பதும் அவர் வேலை. முன்பிருந்த டாக்டர் எல்லோர் வாயிலும் விரல் விட்டுத் தடவிப் பார்ப்பாராம். புதிதாக வந்தவர் டார்ச் அடிப்பதோடு சரி. புகையிலை வாயில் கை வைக்க அவருக்கு அருவருப்பு. அதை மறைக்கவும் மாட்டார், மூக்கில் எப்போதும் கைக்குட்டை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து எங்கள் ராயபுரம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம். கை கழுவி வந்த அப்பா புகையிலையை வலது கன்னத்தில் ஒதுக்கினார். அத்தை கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“இன்னாடா, பக்கம் மாத்திக்கினே?”

“அந்தப் பக்கம் லேசா வலிக்குதுக்கா. டாக்டரு வெள்ளிக்கெயமயே பாத்துட்டாரு. ஒண்ணுமில்ல, உப்புத்தண்ணி கொப்பளின்னாரு.”

“துப்பிட்டு வாயத் தொற.”

“நான் இன்னா கைக்கொயந்தையா?”

“கைக்கொயந்தைன்னா சொன்ன பேச்ச கேக்கும். தொறடா.”

சோப்புப் போட்டுக் கை கழுவி, ஆள்காட்டி விரலை உள்ளேயும் கட்டை விரலை வெளியேயும் வைத்து, காதுப் பக்கத்திலிருந்து உதடு வரை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. திரும்பப் போய் மறுபடியும் அங்கேயே நின்றது. “சதைக்குள்ள கல்லு மாதிரி கீது. நவுரல. டார்ச் அடிச்சா இது எங்க தெரியும்?” என்றார். அம்மா அழ ஆரம்பித்தாள்.

மறுநாள் மருந்தகத்தில் நடந்ததை அப்பா பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அத்தை சொன்னதும் டாக்டர், “தரையத் தொடைக்கிற வேலையப் பாரு ஆயா. டாக்டர் வேலைய நான் பாத்துக்கிறேன்” என்றாராம். அத்தை பக்கெட்டை வாசல் குறுக்கே வைத்துவிட்டு நின்றார்.

“தொடைக்கிறேன் சார். சோப்பு கீது, கையுறை கீது, தண்ணி நான் ஊத்துறேன். வெரல வுட்டுப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க. இந்த பக்கெட்ட வச்சுட்டு வூட்டுக்குப் போயிடுறேன்.”

வரிசையில் யாரோ, “எங்க வாயி கலீஜ்தான் சார். சுத்தமா இருந்தா உன்னாண்ட எதுக்கு வரோம்?” என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டாக்டர் ஆத்திரத்தோடுதான் கையுறை மாட்டினாராம். விரல் அந்த இடத்துக்குப் போனதும் ஆத்திரம் அடங்கிவிட்டது. தலை நிமிராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

ஆபரேஷன் ஆகி, இடது கன்னம் குழிந்துபோய், அப்பா பிழைத்தார். அத்தையை அந்த வாரமே மருந்தகத்திலிருந்து எடுத்து லாரி நிற்கும் இடத்தைப் பெருக்கப் போட்டார்கள். டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்தால் திரும்பவும் உள்ளே வரலாம் என்று மேஸ்திரி வீட்டுக்கே வந்து சொன்னார். “தப்பு பண்ணவங்கதான் எழுதிக் குடுக்கணும். நான் இன்னா தப்பு பண்ணேன்?” என்று கேட்டார் அத்தை. ஓய்வு பெறும்வரை வெயிலில் பெருக்கினார். இந்தக் கட்டுரையை நான் மன்னிப்போடு ஆரம்பித்தது அவருக்குப் பிடித்திருக்காது. அதை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்கேன் செய்த பெண் கருவியை வெளியே எடுத்து, “ஒண்ணும் இல்ல தாத்தா, நல்லா இருக்கு” என்றாள்.

அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு, “அன்னிக்கு அந்த டாக்டரும் இதான் சொன்னாரும்மா. எங்க அக்கா ஒத்துக்கல” என்றார். அவள் சிரித்தாள்.

நான் கதவோரம்தான் நின்றிருந்தேன். “இன்னொரு தடவை வச்சுப் பாருங்கம்மா. காதுப் பக்கத்துலேந்து ஆரம்பிச்சு, மெதுவா” என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. வெளியே ஆட்கள் காத்திருப்பதாக அவள் சொன்னாள். நான் நகரவில்லை. அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுப் பசையை எடுத்தாள்.

மறுநாள் போய் ரிப்போர்ட் வாங்கி வந்தேன். கட்டி எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டார், ஆபரேஷனுக்குப் பிறகு எப்போதும் மெல்லுகிற வலது பக்கமாக.