பக்கத்து நாற்காலி

என் தாய்மாமாவை என்னிடமிருந்து பறித்துக்கொண்டது ஒரு தொண்டை. ஜவுளிக்கடை பாய் மகன் காசிமுடையது அது. ஐந்தாம் வகுப்பில் நாங்கள் ஒரே பெஞ்சு. அதுவரை அந்தத் தொண்டையில் விசேஷமாக எதையும் நான் கண்டதில்லை.

மாமா, ஆங்கிலிக்கன் மரபில் வந்த எங்கள் சபையில் ஐயர், அதாவது போதகர். பிரசங்கத்தைவிட எபிரேயத்தின் மேல்தான் அவருக்கு ஆசை. மதுரையில் ஐயர் படிப்புக்கு வருகிறவர்களுக்கு வேதாகம மொழிகள் சொல்லிக்கொடுத்தார். மே மாத லீவுக்கு அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்து, ஒரு தீர்க்கதரிசியைத் தமிழாக்கிக்கொண்டிருப்பார். பழைய மொழிபெயர்ப்பை வாசித்தால் பரளச்சிக் கிராமத்துச் சபையார் இரண்டாம் வசனத்திலேயே கண்ணசந்துவிடுகிறார்கள் என்பது அவர் கவலை. அந்தத் தீர்க்கதரிசி எந்நேரமும் வறட்சி, வெட்டுக்கிளி என்றே பேசியதால், அவரைத் திருச்சுழிப் பக்கத்து ஆள் என்று நம்பியிருந்தேன்.

ஒருநாள் என்னை விளையாடக் கூப்பிட வந்த காசிம், நான் சட்டை மாட்டும்வரை மாடிப்படியில் நின்று அன்றைய குர்ஆன் ஓதல் பாடத்தை முணுமுணுத்திருக்கிறான். மாமாவின் பேனா நின்றுவிட்டது.

"தம்பி, அந்த எழுத்த இன்னொருக்கச் சொல்லுப்பா."

தொண்டையின் அடியிலிருந்து வரும் எழுத்தாம். எபிரேயத்திலும் உண்டாம். நம் தொண்டைக்கு லேசில் வராதாம். காசிமுக்கு வந்தது. மாமா கண்ணை மூடிக் கேட்டார். அம்மாவின் அயிரைமீன் குழம்புக்குக்கூட அவர் அப்படிக் கண்ணை மூடியதில்லை.

அன்றிலிருந்து மாமாவின் பக்கத்து நாற்காலி காசிமுக்கு. காராச்சேவில் பெரிய பங்கும் அவனுக்கு. எனக்கு மட்டும் ஒரு தண்டனை: மாமா எழுதிய தமிழை நின்றுகொண்டு சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிப்பில் நான் தடுக்கி நிற்கும்போதெல்லாம் தாளை வாங்கி ஒரு கோடு போட்டுக்கொள்வார். என் தப்பையெல்லாம் குறித்து வைத்து லீவு முடிவில் அப்பாவிடம் காட்டப்போகிறார் என்று நானும் கோடுகளை எண்ணிக்கொண்டே வந்தேன்.

அந்த எழுத்தை நானும் வரவழைத்துப் பார்த்தேன். எழுத்து வரவில்லை, அம்மா வந்தாள், செம்பில் உப்புத் தண்ணீரோடு. "தொண்ட கட்டிக்கிருச்சாடா? கொப்பளி."

பிறகுதான் காசிமின் புத்தகம் வலமிருந்து இடமாக ஓடுவதைக் கவனித்தேன். இவ்வளவுதானா சூட்சுமம்! மறுநாள் மாமாவின் தாளைக் கடைசிச் சொல்லில் தொடங்கி, கம்பீரமாகப் பின்னோக்கியே வாசித்தேன். காசிம் சிரித்துத் தரையில் உருண்டான். மாமா சிரிக்கவில்லை. "மாப்ள, நேரா வாசிச்சாலும் என் தமிழு இப்பிடித்தான் இருக்கா?" என்று நிஜமான பயத்தோடு கேட்டார்.

மதுரையில் அவர் கல்லூரியில் ஒரு பழைய எபிரேயத் தோல்சுருள் இருந்தது. சனிக்கிழமை எங்களில் ஒருத்தனைக் கூட்டிப்போய்க் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். ஞானஸ்நானத்தில் என்னைத் தூக்கிப் பிடித்த கை அவருடையது. நான் வெள்ளிக்கிழமையே ஷூவுக்குப் பாலிஷ் போட்டுவிட்டேன்.

"காசிமக் கூட்டிட்டுப் போறேன் மாப்ள. அங்கிட்டு இருக்கவுக அவன் ஓதுறதக் கேக்கணுங்கிறாக. நீ புதுத் தாள வாசிச்சுப் பாத்து வையி."

காரியாபட்டியில் பஸ் டயர் வெடிக்க வேண்டுமென்று முழங்காலில் நின்று ஜெபித்தேன். மாமாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, காசிமுக்கு வாந்தி மட்டும் வந்தால் போதும் என்று நிபந்தனையும் சேர்த்துக்கொண்டேன். இரண்டும் நடக்கவில்லை.

சாயங்காலம் காசிம் நேரே என்னிடம்தான் வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது. மாடிப்படியைக் காலால் உதைத்துக்கொண்டே சொன்னான்.

"ஏலே, பஸ்ஸு பூராவும் ஒங்க மாமாவுக்கு ஒன் பேச்சுத்தாம்லே. நீ தடுக்குற எடத்துலதான் அவுக திருத்துறாகளாம். நீ தடுக்காம வாசிச்சாத்தான் வேல முடிஞ்சுச்சுங்கிறாக. எங்கிட்ட வெறும் எழுத்து மட்டுந்தான் கேக்குறாக."

எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று: நான் தடுக்குவது மதுரை பஸ் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. கொண்டுவந்து சொன்னவன் இவன். பள்ளிக்கூடம் திறந்ததும் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் பரளச்சிக் கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு வேதபாடம் வாசிக்கச் சொன்னார்கள். மாமாவின் மொழிபெயர்ப்பு, வெட்டுக்கிளி வரும் அதிகாரம். ஒரு வசனத்தின் பக்கத்தில் வந்ததும் என் நாக்கு தானாக மெதுவானது. பத்து வயதில் தினமும் நான் விழுந்து எழுந்த இடம். இப்போது அங்கே தடுக்க எதுவுமில்லை. வாக்கியம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஒருவரும் கண்ணசரவில்லை.

பெஞ்சுச் சண்டை எப்போதோ தீர்ந்திருந்தது; வெளியே வந்து, இப்போது துபாயிலிருக்கும் காசிமுக்குப் போன் போட்டு அந்த வசனத்தை வாசித்ததைச் சொன்னேன்.

"தடுக்குச்சாலே?"

"இல்லலே."

"குடுத்து வச்சவம்லே நீ" என்றான்.

மாடிப்படியை உதைத்துக்கொண்டே பேசிய அதே குரல்.