நெற்றியில் வைத்த நாலணா

நாலணா வெள்ளிக் காசை யாரும் மதிப்பதில்லை. காசு சேர்க்கிறவர்களுக்கு முழு ரூபாய் வேண்டும். நகைக்கடைக்காரரோ கல்லில் உரசிப் பார்த்துவிட்டு, உலகப் போர்க்காலத்துக் காசு, பாதிக்குப் பாதி கலப்பு என்று தள்ளிவிடுவார். இரண்டு பேருக்கும் ஆகாத காசு என்பதாலேயே எனக்கு அதன் மேல் ஒரு பிடிவாதம் வந்தது. உத்திரமேரூரில் உரக்கடை வைத்திருக்கிறேன். யூரியா வாங்க வருகிறவர்களிடம் ராஜா தலை போட்ட நாலணா வீட்டில் கிடக்கிறதா என்று கேட்டுக் கேட்டே சேர்த்தேன். மேசையில் தட்டினால் தொண்டை கட்டியவன் பேசுவதுபோல் ஒலிக்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

வருடவாரியாக அடுக்கிய தட்டில் ஒரே ஒரு குழி காலியாக இருந்தது. லாகூரில் அடித்த காசு அது. பின்பக்கம் அடியில் பொடியாக ஆங்கில ‘எல்’ எழுத்து ஒன்று இருக்கும்.

அது மானாம்பதியில் என் பெரியப்பாவிடம் இருந்தது.

“கீது நைனா. கீய எல்லு போட்டது. எங்க வச்சேன்னுதான் தெரில. அடுத்த ஞாயித்துக்கெயம வா, தேடி வைக்கிறேன்” என்பார்.

மூன்று வருடம் இதையே சொன்னார். நானும் ஞாயிறு தவறாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். பெரியம்மா டீ கொடுப்பார். பெரியப்பா போர்வெல் மோட்டார் பழுதானது, ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவேன். கிளம்பும்போது காசைக் கேட்டால் அதே பதில். கிழவர் வேண்டுமென்றே அலைக்கழிக்கிறார் என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டு வருவேன்.

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை அவர் இறந்துவிட்டார் என்று போன் வந்தது. பிள்ளை இல்லாதவர். கொள்ளி வைக்க வேண்டியவன் நான்.

நான் போனபோது ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். மாலையைப் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தேன். நெற்றியில் வழக்கம்போல் ஒரு ரூபாய் இல்லை, நாலணா இருந்தது. தலைப்பக்கம் மேலே. விளிம்பில் போர்க்காலத்துக் காசின் அந்த மெல்லிய பள்ளம். எனக்கு வரவிருந்த அழுகை நின்றுவிட்டது. இப்போது எழுதும்போதும் கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

அன்று முழுவதும் அந்தப் பெட்டியைச் சுற்றியே வந்தேன். கண்ணாடியில் பனி படியும்போதெல்லாம் துண்டால் துடைத்தேன். பாசமுள்ள பிள்ளை என்று நாலு பேர் பேசிக்கொண்டார்கள். நெற்றிக் காசு சுடுகாட்டில் வேலை பார்ப்பவருக்குச் சேர வேண்டியது. அவர் எடுத்துவிட்டால் யாரிடமாவது போய் உருகிவிடும். பெட்டியைத் திறந்ததும் மாற்றிவிட வேண்டும். வேட்டி மடிப்பில் புது ஒரு ரூபாய் ஒன்றைச் செருகி வைத்தேன். விரல்கள் அதையே தடவிக்கொண்டிருந்தன.

மூன்று மணிக்கு மேளம் உரத்தது. குளிப்பாட்டி முடித்து, காசைத் திரும்ப நெற்றியில் வைத்து, வாய்க்கரிசி போட என்னை முதலில் கூப்பிட்டார்கள். இடது கையில் ரூபாயை மறைத்துக்கொண்டு, நெற்றியைச் சரிசெய்கிறவன்போல் நாலணாவை விரலால் நகர்த்தினேன். என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

பெரியம்மா. ஊரைக் கூட்டி மானத்தை வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் காதோரம் குனிந்தார்.

“எடுத்துக்கோ நைனா. உனுக்குன்னுதான் தகரப் பொட்டியில வச்சிக்கினு இருந்தாரு. காலைல நெத்திக்குக் காசு தேடசொல்ல இதான் கைல ஆப்டுச்சி. குடுத்துட்டா அப்பறம் இன்னாத்துக்கு இங்க வரப்போறான்னு சொல்வாரு.”

அதில் குத்தல் இல்லை. அரிசிக் கிண்ணத்தை நகர்த்தி எனக்கு இடம்கூட விட்டார். எனக்கு ஓங்கி அறைந்ததுபோல் இருந்தது. காசை நெற்றி நடுவில் தள்ளிவிட்டு அரிசியைப் போட்டேன். அதன் பிறகுதான் அழுதேன்.

சுடுகாட்டில் வேலை பார்ப்பவர் காசை எடுத்து நிதானமாகத் துடைத்தார்.

“நீங்க இத சேக்கறவராச்சே சார். ஓணுமா?”

அவர் உள்ளங்கையில் இப்போது பின்பக்கம் மேலே தெரிந்தது. அடியில் ‘எல்’ இருந்தது. சந்தேகமே இல்லை.

“உங்களுக்கு உண்டானதுங்க. வச்சிக்கோங்க” என்றேன். அவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, குடத்தை என் தோளில் ஏற்றினார்.

காரியமெல்லாம் முடிந்து அடுத்து வந்த ஞாயிறு, மானாம்பதிக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பைக் சத்தம் கேட்டுப் பெரியம்மா வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் திகைத்து நின்றார்.

“இங்க காசு ஒண்ணும் இல்லியே நைனா” என்றார். பிறகு, நான் திரும்பிப் போய்விடுவேனோ என்று பயந்தவர்போல், “இரு, பொட்டியில இன்னொரு தபா பாத்துட்டு வரேன்” என்று அவசரமாக உள்ளே போனார்.