சித்தியின் பையும் பத்தொன்பது கிலோ சைக்கிளும்

சனிக்கிழமை, காலை 6.10. கோப்பாய்.

படலையைத் தாண்டும் முன்பே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. காரணம் சுவிஸில் இருக்கும் என் அண்ணை. அரசாங்கக் கச்சேரியில் முப்பத்திரண்டு வருடம் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்ற நான், வெளியூர்ப் பயணிகளைச் சைக்கிளில் வலிகாமம் சுற்றிக் காட்டலாம் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அண்ணை பிடித்துக்கொண்டார். அங்கே வாடகைக்கு ஓடிய மின்சார மலைச் சைக்கிள்கள் நான்கை அனுப்புவதாக ஏற்பாடு. பாதிக் காசு அவருடையது, பாதி என் பணிக்கொடை. அந்தப் பணிக்கொடையை விட்டால் எனக்கு வேறு சேமிப்பு இல்லை.

வகை இரண்டு. முதலாவது பத்தொன்பது கிலோ, சின்ன மோட்டர், 360 வாற்-மணி பற்றறி, விலை 1,500 பிராங். மற்றது இருபத்தைந்து கிலோ, பெரிய மோட்டர், 625 வாற்-மணி பற்றறி, விலை 900. கூடக் காசு கொடுத்துச் சின்னப் பற்றறி வாங்குவது என்ன கணக்கு என்று கேட்டேன். குறைகிற ஆறு கிலோவுக்குத்தான் அந்தக் காசு என்று அண்ணை ஒரு அட்டவணையே போட்டு அனுப்பினார். மலையே இல்லாத ஊருக்கு மலைச் சைக்கிள் எதற்கு என்றும் கேட்டேன். "உங்கடை குண்டும் குழியுமான ஒழுங்கையளைப் பாத்தனான். மலை தேவையில்லை," என்றார்.

இலேசான சைக்கிளில் ஒன்று மாதிரிக்காகக் கப்பலில் வந்துவிட்டது. பயணிகளைக் கூட்டிப்போக நினைத்திருந்த மயிலிட்டித் துறைமுகத்துக்குப் போய்த் திரும்ப நாற்பத்திரண்டு கிலோமீற்றர். ஒரே சார்ஜில் ஓடிவிட்டால் நான்கும் அதுவே. திங்கட்கிழமை நான் பதில் சொல்லவேண்டும்.

6.25. சந்தி உரக்கடையின் தராசில் சைக்கிளை ஏற்றினேன். இருபத்திரண்டரைக் கிலோ. முதல்நாள் மனைவி, "கரியர் இல்லாததெல்லாம் ஒரு சைக்கிளே?" என்று கேட்டு, கரியர், மட்காட், ஸ்ராண்ட் மூன்றையும் பூட்டுவித்திருந்தாள். ஒரு கிலோ என்பதால் சார்ஜரைக் கொண்டுபோக வேண்டாம் என்று அண்ணை சொல்லியிருந்தார். அதையும் அவள் என் தோள்பைக்குள் வைத்திருந்தாள். சுவிஸ் எஞ்சினியர் குறைத்த ஆறு கிலோவில் பாதிக்கு மேல் கோப்பாய்ச் சந்தியிலேயே திரும்பி வந்துவிட்டது.

6.55. இணுவில், ஐந்தாவது கிலோமீற்றர். பற்றறி 91 வீதம். எங்கள் சித்தி ஒழுங்கை வாசலில் நின்றா. என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவ, ஆனாலும் நான் இன்னும் அவவுக்குச் சின்னப் பெடியன். நிற்காமல் போகமுடியுமா? தேத்தண்ணி குடித்து எழும்பும்போது கரியரில் ஒரு கனத்த சாக்குப்பை. உள்ளே அண்ணைக்குச் சின்ன வயதிலிருந்தே உயிரான இதரை வாழைக்குலை, எட்டுக் கிலோ குறையாது.

"சித்தி, இது பாரம் பாக்கிற ஓட்டம். ஒண்டும் ஏத்தக்கூடாது."

"மயிலிட்டி மட்டும் போறாய். ஒரு வீட்டை வெறுங்கையோடையே போவாய்? பேசாமல் கொண்டு போ. பையை மட்டும் மறக்காமல் திருப்பித் தா."

8.40. மயிலிட்டி. தென்மேற்குச் சோளகக் காற்று முதுகில் தள்ளியதால் பாரம் தெரியவில்லை. பற்றறி 58 வீதம். பயணிகளுக்கு மத்தியானச் சாப்பாடு துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் மீன்காரர் அந்தோனி வீட்டில் என்று பேசி முடித்தேன். வாழைக்குலையை அவரிடம் தள்ளிவிட்டேன். இனிச் சைக்கிள் இலேசாகிவிடும் என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம். அந்தோனி பையை உள்ளே கொண்டுபோனார். வெளியே வந்தபோது அதில் ஐந்து கிலோ பாரைக் கருவாடு இருந்தது.

"அந்தோனி, நல்லூரிலை கொடி ஏறிப்போட்டுது. திருவிழா முடியுமட்டும் வீட்டிலை மச்ச மாமிசம் இல்லை."

"திருவிழா முடியக் காச்சுங்கோ சேர். கருவாடுதானே, கெடாது. வெறும் பையைத் திருப்பிக் குடுக்கிறதே?"

10.15. திரும்பும் வழி. முதுகில் தள்ளிய காற்று இப்போது முகத்தில் அறைந்தது. மோட்டரைக் குறைந்த நிலையில் விட்டால் சைக்கிள் நகரவில்லை, உச்சத்தில் விட்டால் பற்றறி கண்ணுக்கு முன்னால் கரைந்தது. தெல்லிப்பழையில் 19 வீதம். மல்லாகத்தில், முப்பத்தோராவது கிலோமீற்றரில், மோட்டர் நின்றது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சாதாரணச் சைக்கிளில் என்னைக் கடந்து போனாள். 1,500 பிராங் சைக்கிளை நான் உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு வீட்டுப் படலையில் தட்டி, பிளக் ஒன்று தரமுடியுமா என்று கேட்டேன். சுவரில் மாதா படம் இருந்தது; திருவிழா விரதம் இல்லாத வீடு. வீட்டுக்காரப் பெண் கதிரை போட்டா, மோர் தந்தா, ஒரு மணித்தியாலம் கரண்ட் தந்தா. காசு என்றதும் முகம் மாறிவிட்டது. நல்ல சாட்டு என்று கருவாடு முழுவதையும் அங்கேயே கொட்டினேன். கடைசியில் பாரம் போய்விட்டது என்று எழும்பினேன்.

"நில்லுங்கோ ஐயா," என்று உள்ளே போனா. பையில் ஒரு பூசணிக்காயோடு வந்தா. ஏழு கிலோ இருக்கும். "தோட்டத்திலை காய்ச்சது. வெறும் பையோடை போகாதேங்கோ."

வாங்கிக் கரியரில் கட்டினேன்.

12.50. இணுவில். பையில் கருவாட்டு மணம் இன்னும் போகவில்லை. சித்தி கந்தசுவாமியாருக்குப் பூ கட்டுகிறவ, அவ வீட்டில் முட்டை கூடப் புழங்காது. ஒழுங்கைப் பக்கம் தலையைத் திருப்பாமல் கடந்தேன்.

1.20. கோப்பாய். மனைவி பூசணிக்காயைப் பார்த்து, "நல்ல காய்," என்றாள். அவ்வளவுதான். சோதனையில் சைக்கிள் தோற்றது எனக்கும் என் பணிக்கொடைக்கும் மட்டுமே கவலை.

அண்ணைக்குப் போன் எடுத்து முப்பத்தொரு கிலோமீற்றர் என்றேன்.

"பாரம் ஏத்தியிருப்பாய். வெறுமையா ஓடியிருந்தால் நாப்பத்திரண்டும் ஓடியிருக்கும்."

எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். "வெறுமையா ஓட இது என்ன சுவிஸே? நாளைக்கு வாற வெள்ளைக்காரனை மட்டும் சித்தி சும்மா விடுவாவே? உங்கடை அட்டவணையிலை சித்திக்கு ஒரு நிரல் இருக்கோ?"

அண்ணை கோபித்துவிடுவார் என்று நினைத்தேன்.

"சித்தி என்ன தந்தவ?"

"வாழைக்குலை."

"இதரையோ?"

"ஓம்."

"பெரிய பற்றறியையே எடுப்பம். மிச்சக் காசிலை நாலுக்கும் நல்ல கரியர் பூட்டுவம்," என்றார். முப்பது வருடத்தில் அண்ணை என்னிடம் தோற்றது இதுதான் முதல் தடவை. வெற்றியைக் கொண்டாடத்தான் கால்களில் தெம்பு இல்லை.

பையை மூன்றுதரம் தோய்த்தும் மணம் போகவில்லை. கிணற்றடிக் கம்பியில் தொங்குகிறது. திங்கட்கிழமை அதைச் சித்தியிடம் கொடுக்கவேண்டும். அதற்குள் போட மனைவி பூசணிக்காயில் சரிபாதியை வெட்டி வைத்திருக்கிறாள்.