பங்குனியில் நின்ற மாத்திரை

தொண்ணூற்றாறு ஐப்பசியில் எனக்கு வலிப்பு வந்தது. அடுத்த ஐப்பசி வரை வராமல் இருந்தால் தனியாக பஸ்ஸில் போகலாம் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். மேட்டுப்பாளையம் பாக்கு மண்டியில் எனக்குக் கணக்கெழுதும் வேலை காத்திருந்தது. அதுவரை வேறு ஆள் வைக்காமல் பார்த்துக்கொள்வதாக மண்டிக்கார மாமா வாக்குக் கொடுத்திருந்தார். அவிநாசி வீட்டில் எனக்குக் கிணற்றடி கூடாது, அடுப்படி கூடாது, குளியலறைக்குத் தாழ்ப்பாள் கூடாது. குளிக்கும்போது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் நின்றால் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். மூளைச் செல்கள் தங்களுக்குள் அடக்கும் பொருள் ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அது வெளியே வந்து அடுத்த செல்லின் ஏற்பியில் ஒட்டினால் அந்தச் செல் அமைதியாகும். உள்ளே இருப்பு குறைந்தால் ஏற்பி இருந்தும் பயனில்லை.

"இந்த மாத்திரை அந்தச் சரக்குக் கரையாமப் பாத்துக்குதுன்னு நெனைக்கறாங்க. ஒரு வேளைகூட உடக்கூடாதுங்க அம்மணி."

நூலகத்துக் கலைக்களஞ்சியத்திலும் அதைத் தேடிப் படித்துவிட்டு வந்தேன், அப்பாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு.

பங்குனியில் எனக்கு அம்மை வார்த்தது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். சமையலில் தாளிப்பு நின்றது. அன்றைக்கே என் மாத்திரைப் பட்டையும் காணாமல் போனது.

"அதக் குடும்மா. இது அம்மைக்குப் போடற மாத்திரை இல்ல."

"ஆத்தா ஊட்டுக்குள்ள இருக்கறப்ப இங்கிலீஷ் மருந்தா? வாய மூடு கண்ணு."

"மூளைக்குள்ள சரக்குத் தீந்துபோகும்."

"தீந்தா ஆத்தா ரொப்புவா. நீ படிச்சுக் கிழிச்சது போதும்."

எழுந்து போய் வாங்கவும் வழியில்லை. அம்மை போட்டவள் அடுத்த வீட்டுப் படியைக்கூட மிதிக்கக் கூடாது. அப்பா சன்னலுக்கு வெளியே நின்று, "தண்ணி ஊத்தற வரைக்கும் பொறுத்துக்க அம்மணி" என்றார். மூன்றாம் நாள் காலை வலிப்பு வந்தது. கண் விழித்தபோது நாக்கு கடிபட்டிருந்தது. அம்மா வேப்பிலைக் கொத்தோடு அழுதுகொண்டிருந்தார். மாத்திரைப் பட்டை என் தலைமாட்டில் இருந்தது.

தலைக்குத் தண்ணீர் ஊற்றி, உடம்பு தேறியதும் டாக்டரிடம் போனோம்.

"கடைசியா எப்பங்க வந்துச்சு?"

"ஐப்பசிலீங்க. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லீங்க." அம்மா முந்திக்கொண்டார். மேசைக்குக் கீழே என் விரலைப் பிடித்து அழுத்தினார்.

நானும் தலையாட்டினால் வேலை கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பேச்சை நம்பி டாக்டர் மாத்திரையைக் குறைத்தால்? ஓடுகிற பஸ்ஸில், படிக்கட்டுப் பக்கம் நிற்கும்போது வந்தால்?

"பங்குனிலீங்க" என்றேன். "மாத்திரை நடுவுல நின்னுபோச்சு."

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். ஏன் நின்றது என்று கேட்கவில்லை.

"அப்ப அடுத்த பங்குனிக்குப் பாக்கலாங்க."

அம்மா கையை எடுத்துக்கொண்டார். எனக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அப்புறம், "வேற ஆள் வெச்சுக்கச் சொல்லி மண்டிக்குச் சொல்லிப்போடட்டுமா கண்ணு?" என்று கேட்டார்.

"சொல்லிப்போடும்மா" என்றேன்.