எதிர் மலைக்கு நெட் கொண்டு போன புஷ்பராணி

புஷ்பராணி போயிட்டா.

இன்னைக்குக் காலைல, தோட்டத்து லயத்து வரிசை வீட்லயே. கிட்னி ரெண்டும் வேலை செய்யலை... ஆஸ்பத்திரிக்குப் போறதை அவளே நிறுத்திட்டாளாம். அங்க சிக்னல் இல்லாததால அவ தங்கச்சி கோகிலா மெயின் ரோடு வரைக்கும் ஏறி வந்து எனக்கு மெசேஜ் போட்டிருக்கா.

ஹட்டன் டவுன்ல, பேக்கரிக்கு மேல்மாடில ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்துச்சே... தொண்ணூறுகளோட கடைசில. அங்க நான் டைப்பிங் சொல்லிக் குடுத்தேன். புஷ்பா நெட்வொர்க் பார்த்தா. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு.

அப்பல்லாம் டிவி ஆன்டெனா வயர் மாதிரி ஒரு கருப்பு கேபிள்தான். ஒரு மெஷின்ல இருந்து அடுத்த மெஷினுக்குன்னு வரிசையாப் போகும். எவனாச்சும் காலால இடிச்சு ஒரு இடத்துல கழண்டாப் போதும்... மொத்த கிளாஸும் படுத்துரும்.

புஷ்பா மேசைக்கு அடில படுத்துக்கிட்டே போவா. சுடிதார் பூரா தூசி. "இந்த வயரும் எங்க லயமும் ஒண்ணுடி, ஒரு வீட்ல சண்டைன்னா எல்லா வீட்லயும் தூக்கம் போயிரும்"னு சொல்லிச் சிரிப்பா.

அப்புறம் கேட்-5 கேபிள் வந்துச்சு. உள்ளுக்குள்ள எட்டு கலர் வயர், ஒவ்வொரு மெஷினுக்கும் தனி லைன். ஒண்ணு போனா அது மட்டும்தான் போகும். அவளுக்கு அவ்வளவு சந்தோசம்... ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம்னு முணுமுணுத்துக்கிட்டே படி ஏறி வருவா.

எங்க சென்டர் ஜன்னலைத் திறந்தா எதிர் மலைல அவ இருந்த தேயிலைத் தோட்டம் தெரியும். தோட்டத்து ஸ்கூல் கூரையும் தெரியும். கோகிலா அப்ப அங்கதான் படிச்சிட்டு இருந்தா.

அந்த ஸ்கூலுக்கு யாரோ பழைய கம்ப்யூட்டர் கொஞ்சம் குடுத்திருந்தாங்க. போன் லைனும் இல்ல, நெட்டும் இல்ல. கேபிள் இழுக்க தேயிலை மலைக்குள்ள போஸ்ட் நடணும். தோட்டத்து ஆபீஸ்ல முடியாதுன்னுட்டாங்க. புஷ்பா போய்க் கேட்டப்ப உள்ள கூடக் கூப்பிடலையாம், வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பிட்டாங்க.

அப்பதான் ஒயர்லெஸ் வந்த புதுசு. 802.11பி. சென்டர்ல ஒரு ஆன்டெனா, ஸ்கூல்ல ஒரு ஆன்டெனா, ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்தாப் போதும்னு சொல்லி சென்டர் முதலாளிய எப்படியோ சம்மதிக்க வச்சா.

ஸ்கூல் அதிபர் யாழ்ப்பாணத்து ஆளு. நல்ல மனுசன். "பிள்ளை, இந்தப் பனிக்குள்ள சிக்னல் எப்பிடி வரும்?"னு கேட்டார். பனி ஒண்ணும் செய்யாது சார், நடுவுல உசந்து நிக்கிற டர்பன்டைன் மரந்தான் பிரச்சினைன்னு இவ சொன்னா. மரத்துக்கு மேல தெரியணும்னு ஸ்கூல் தண்ணித் தொட்டி மேல பைப் நட்டு உயரத்தை ஏத்தினாங்க.

நான் சென்டர் பக்கம் உட்கார்ந்து ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்... ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு.

அப்புறம் ஒரு நாள் வந்துருச்சு. அங்க ஸ்கூல்ல ஒரு பேஜ் மெதுவா, மேல இருந்து கீழ, கொஞ்சங் கொஞ்சமாத் திறந்துச்சாம். பிள்ளைங்க கத்துன கத்துல கொழுந்து பறிச்சிட்டிருந்த பொம்பளைங்க என்னமோ ஏதோன்னு ஓடி வந்தாங்களாம். அதுல புஷ்பாவோட அம்மாவும்.

இடி விழுந்தா கரன்ட் மண்ணுக்குள்ள போறதுக்கு எர்த் கம்பி வேணும்னு அவ முதல்லயே கேட்டா. அடுத்த மாசம் பார்ப்போம்னார் முதலாளி. அடுத்த மாசமும் அதையே சொன்னார்.

ஐப்பசி மழைல ஒரு மத்தியானம் ஸ்கூல் ஆன்டெனா மேல இடி இறங்கிருச்சு. ஆன்டெனா வயர் வழியா உள்ள வந்து, அவ அங்க இழுத்த கேட்-5 வழியா ஒவ்வொரு மெஷினுக்கும் போயிருச்சு. நல்லவேளை, பிள்ளைங்க உள்ள இல்ல.

மறுநாள் நானும் கூடப் போனேன். ஒவ்வொரு மெஷினாத் திறந்து பார்த்தா. கருகின வாடை. கடைசி மெஷினையும் மூடிட்டுத் தரைல உட்கார்ந்தா.

"ஒண்ணாச்சும் உயிரோட இருக்கும்னு நெனச்சேன்டி..."



தோட்டத்து ஆபீஸ்ல ஆன்டெனா பைப்பைக் கழட்டச் சொன்னாங்க. முதலாளி கையை விரிச்சுட்டார். அந்த ரூம்ல பழைய டெஸ்க்கு அடுக்கிட்டாங்க. கோகிலா படிப்பை விட்டுட்டு கொழும்புல கார்மென்ட்ஸுக்குப் போனா.

கொஞ்ச நாள்ல எங்க சென்டரும் மூடியாச்சு. புஷ்பா கொழும்புல கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கினா. கேபிள் வேலைக்கு ஆம்பளப் பசங்கதான் வேணும்னு சொன்னாங்களாம்... ஒரு இடத்துல ரிசப்ஷன்ல உட்காருறியான்னு கேட்டிருக்காங்க, சிங்களம் சரியா வரலைன்னு அதுவும் இல்லைன்னுட்டாங்க.

கடைசில குவைத்துக்குப் போனா. வீட்டு வேலைக்கு.

அங்கிருந்து ஒரு தடவை பேசினா. பெரிய வீடு, மூணு மாடி, மாடிக்கு மாடி ஒயர்லெஸ் பெட்டி. "தூசி தட்டத்தான் தொடலாம்டி"ன்னா. நான் சாப்பிட்டியான்னு கேட்டேன்.

திரும்பி வந்தப்ப முகமெல்லாம் வீங்கியிருந்துச்சு. அங்கயே ரொம்ப நாளா முடியாம இருந்திருக்கா, யாரும் டாக்டர்கிட்டக் காட்டலை.

போன மாசம் பார்க்கப் போனேன். பழசெல்லாம் பேசலாம்னு நெனச்சுட்டுப் போனேன்... ஆன்டெனா கதையை எடுத்தேன். "அதை விடுடி"ன்னு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

நாளைக்குப் பின்னேரம் புஷ்பாவ எடுக்குறாங்க. சென்டர்ல கூட இருந்த பசங்க யாராச்சும் இதைப் பார்த்தா வாங்கப்பா. லயத்துல இருந்த பசங்கெல்லாம் கொழும்புல கடைகள்ல நிக்கிறாங்க, தூக்குறதுக்கு ஆள் பத்தாதுன்னு கோகிலா அழுவுறா.

மழை இருட்டிக்கிட்டு வருதாம் அங்க.

நனையாமப் போய்ச் சேருடி புஷ்பா.